துடைத்த கத்தி

ஜூலை 28

மச்சானுக்கு,

நலம் விசாரிக்க இந்தக் கடிதம் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அங்கே நொண்டுவது நீ இல்லை, மாடுகள்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் வெட்டிவிடுவாய், முப்பத்தொரு வருஷமாகப் பார்க்கிறேனே. கடிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது. கிழித்துப் போடலாம். கிழித்தாலும் சொன்னது சொன்னதுதான்.

எனக்கு எழுத வராது. அன்றைக்குக் கொட்டகையில் கறவை ஆட்களும் பால் லாரிக்காரரும் நிற்கும்போது, "கைநாட்டுக்கு என்னதான் தெரியும், எல்லாம் நோட்டுல இருக்கு பாருங்க" என்று நீ சொன்னாய். தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிட்டது. அதனால் என் மகள் எழுதுகிறாள். ஒரு சொல் கூட்டாதே, ஒரு சொல் குறைக்காதே என்று சொல்லியிருக்கிறேன். நாள் முழுக்க ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நின்று, கால் கடுக்க வந்து உட்கார்ந்து எழுதுகிறாள். ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

பால் லாரிக்காரர் நேற்று இந்தப் பக்கம் வந்திருந்தார். ராங்கியை அடிமாட்டுக்குப் பேசிவிட்டாய் என்றார்.

ராங்கி நான் சந்தையில் பொறுக்கி எடுத்த மாடு. நீயும் கூட வந்தாய். "கண்ணுல திமிரு தெரியுதே அத்தான்" என்றாய். திமிர் இருந்தால்தான் தீனி எடுக்கும் என்றேன். அந்தப் பெயரை வைத்ததும் நீதான். இப்போது கொட்டகையில் ஒன்பது மாட்டுக்குக் குதிகாலில் புண். பின்னங்காலை ஊன்ற முடியாமல் குளம்பு நுனியில் நிற்கின்றன, பால் வற்றுகிறது. இத்தனையும் புதிதாக வந்த ராங்கி கொண்டுவந்த நோய் என்று நோட்டில் எழுதிவிட்டாய்.

அவள் முதலாவது இல்லை மச்சான். கடைசி. அவளுக்கு முன்னால் எட்டு மாடு நொண்டியது. எது முதலில், எது அடுத்து, எந்தக் கால், அன்றைக்கு மழையா வெயிலா, எல்லாம் என்னிடம் இருக்கிறது. உன் நோட்டில் இல்லை.

நீ அவளை எப்போது பார்த்தாய் தெரியுமா? அவள் உன்னை உதைத்தபோது. மாடு உதைத்தால்தான் உன் கண்ணுக்கு மாடு தெரியும்.

அவளை லாரியில் ஏற்றாதே. சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு
உன் அக்காவைக் கட்டியவன்

(மாமா, அப்பா சொன்னதில் இரண்டே இரண்டு சொல்லை நான் எழுதவில்லை. உங்களுக்கே தெரியும் எவை என்று. மருமகள்.)

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள அத்தானுக்கு,

தாங்கள் 'அன்புள்ள' போடவில்லை. நான் போட்டிருக்கிறேன். நம் இருவரில் யாராவது ஒருவர் முறையாக நடந்துகொள்ள வேண்டும் அல்லவா.

தாங்கள் கோபித்துக்கொண்டு போனது பெரிதில்லை. கப்பல் மாட்டைப் பாதி கறந்துவிட்டு, வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனீர்கள். அதுதான் பெரிது. இன்று வரை அது புது ஆளுக்குப் பால் இறக்கவில்லை. நானே உட்கார்ந்து கறக்கிறேன். என் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அதையும் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டைப் பற்றி. ராங்கி என்னை உதைத்துப் பால் கேனைக் கவிழ்த்தது ஜூன் 20. அன்றுதான் அது காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். பார்த்ததை எழுதினேன். எழுத்து என்பது எழுத்து. ஞாபகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

டாக்டரம்மா வந்துவிட்டுப் போனார். ராங்கியின் காலைக் கட்டித் தூக்கி, சாணியைக் கழுவிவிட்டுக் காட்டினார். குளம்பின் பின்னால், இரண்டு பிளவும் சேரும் இடத்தில், மாதுளையை உடைத்து வைத்தது போல் சிவந்து, முத்து முத்தாக இருக்கிறது. நாற்றம் தாங்கவில்லை. விரல் பட்டதும் மாடு துள்ளுகிறது. ஊமைச்சிக்குக் குளம்புக்கு மேலேயே வீங்கிவிட்டது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இது கிருமிங்க. சாணித் தண்ணிக்குள்ள, காத்துப் படாத இடத்துல இருக்கும். ஈரத்துலயே நிக்கிற காலுல தோல் ஊறிப் போயிடும். அந்த வழியா உள்ள போயிடும். போனதும் மாட்டோட உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தை அனுப்பிச் சண்டை போடும். வீக்கம், சூடு, வலி எல்லாம் அந்தச் சண்டைதான்."

புண்ணுக்கு மருந்து தெளித்துக் கட்டுப் போட்டார். வீக்கம் ஏறியதற்கு ஊசியும் போட்டார். பிறகு எந்த மாடு முதலில் விழுந்தது என்று கேட்டார். நோட்டைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "ஒம்பது நாள் விஷயமும் ஒரே மையில, ஒரே ஓட்டத்துல இருக்கே" என்றார். என்னிடம் இருப்பது ஒரே பேனா என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தங்களுக்கு வரிசை தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அனுப்புங்கள். டாக்டரம்மா கேட்கிறார். நான் கேட்கவில்லை.

அடிமாட்டு லாரி ஆகஸ்ட் 25 அன்று வருகிறது. மாற்றமில்லை.

தங்கள் மைத்துனன்

*

ஆகஸ்ட் 7

மச்சானுக்கு,

டாக்டரம்மாவுக்குத்தான் இந்தக் கடிதம். நீ வாசித்துக் காட்டு. உனக்குத்தான் வாசிக்க வருமே.

முதலில் நொண்டியது மேஸ்திரி. தண்ணீர் மோட்டார் பெல்ட் அறுந்ததே, அதற்கு மறுநாள் காலை. வலது பின்னங்கால். தினமும் முதலில் வெளியே வந்து மற்ற மாடுகளை மேய்த்துக்கொண்டு போகிறவள் அன்றைக்குக் கடைசியில் வந்தாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

இரண்டு நாள் கழித்து கப்பல். இடது பின்னங்கால். அவள் நடையே ஆடி ஆடித்தான் இருக்கும், ஆகவே உங்கள் யாருக்கும் தெரியவில்லை. ஆட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது எனக்குத் தெரிந்தது.

அடுத்து வாயாடி. அன்றைக்கு அவள் கத்தவில்லை. அதிலேயே கண்டுபிடித்தேன். அடுத்து ஊமைச்சி, அன்றைக்கு அவள் கத்தினாள். ஒருத்தி வாயை மூடுவதும் இன்னொருத்தி திறப்பதும் அடுத்தடுத்த நாளில்.

பிறகு வக்கீல். இரண்டு பின்னங்காலும். எதிலும் ஒரு பக்கம் நிற்காத மாடு.

பிறகு சீமாட்டி. நீ உன் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினாயே, அன்றைக்குச் சாயங்காலம். பிறகு கொடுக்கு. பிறகு இரட்டைச்சுழி, மழை பிடித்த முதல் நாள். அதற்கு மறுநாள்தான் ராங்கி. உன் கேன் கவிழ்ந்த நாள். இதுதான் வரிசை. இதில் ஒன்றை மாற்றிச் சொல் பார்க்கலாம்.

ஒவ்வொரு காலையும் தூக்கிக் கையை வைத்துப் பார்த்தவன் நான். அடுப்பில் இருந்து இறக்கிய சட்டி போலச் சுட்டது. உடம்பு போடும் சண்டை என்று டாக்டரம்மா சொன்னது சரி. அவரிடம் சொல், எனக்கும் அந்த வீக்கம் இருக்கிறது, காலில் இல்லை. நாலு பேர் முன்னால் நீ என்னைச் சொன்ன சொல்லுக்கு என் உடம்பு போடும் சண்டைதான் இந்தக் கடிதம்.

உன் அக்காவைக் கட்டியவன்

(மாமா, "மாற்றிச் சொல் பார்க்கலாம்" என்றபோது மேஜையைத் தட்டினார். மை சிந்தியது. அந்தக் கறை அதுதான். மருமகள்.)

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கள் வரிசையை டாக்டரம்மா என் வாயால் கேட்டார். பிறகு ஒரு தாளில் கொட்டகையை வரைந்து, ஒவ்வொரு மாடும் நிற்கும் இடத்தில் எண் போட்டார். ஒன்று வாசல் பக்கம். இரண்டு எதிர்வரிசையில், கடைசிக்கு முன். மூன்று தண்ணீர்த் தொட்டியருகே. நான்கு மறுபடி வாசல் பக்கம். தவளை குதித்த மாதிரி இருக்கிறது.

"பக்கத்துல நிக்கிற மாட்டுக்கு ஒண்ணும் இல்ல, எதிர்க்கோடில நிக்கிறதுக்கு வந்திருக்கு. தரையில நடந்து போயிருந்தா இப்படிக் குதிக்காது. யாரோ கையால எடுத்துட்டுப் போய்க் குடுத்த மாதிரி இருக்கு" என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அந்த மாடுகளைத் தொட்டதே இல்லை என்றேன். அதைப் பெருமையாகச் சொன்னேன். பிறகுதான் அது பெருமை இல்லை என்று தோன்றியது.

தங்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார்.

இந்த நொண்டலுக்கு முன்னால் எந்த வரிசையில் குளம்பு சீவினீர்கள்?

ஒரு மாட்டுக்குச் சீவி முடித்து அடுத்த மாட்டுக்குப் போகும் முன், கத்தியைக் கழுவினீர்களா, துடைத்தீர்களா? "அவரு என்ன சொல்லு சொல்றாரோ அதையே எழுதச் சொல்லுங்க. அந்த ஒரு சொல்லு எனக்குப் போதும்" என்றார்.

கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். கறவை வாளியை மட்டும் விட்டுவிட்டு.

தங்கள் மைத்துனன்

*

ஆகஸ்ட் 16

மச்சானுக்கு,

முப்பத்தொரு வருஷம் குளம்பு சீவியவனிடம் இப்போதுதான் ஒருவர் கேள்வி என்று ஒன்று கேட்கிறார். நீ இத்தனை நாளும் கேட்டது "முடிஞ்சுதா" என்ற ஒன்றுதான்.

கத்தி என்னுடையது. நான் பிடி போட்டது, நான் தீட்டியது. என் கத்தியை நான் எடுத்து வந்தேன்.

முதல் கேள்விக்குச் சொல்கிறேன். மாடு நிற்கிற வரிசையில் நான் சீவுவதில்லை. எதற்குக் குளம்பு அதிகம் வளர்ந்து நடை கெடுகிறதோ, அதற்குத்தான் முதலில். மே மாதக் கடைசியில், புதன்கிழமை காலை பால் லாரி போனதும் ஆரம்பித்தேன். முதலில் மேஸ்திரி. குளம்பு செருப்பு மாதிரி நீண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் கப்பல். வியாழக்கிழமை காலையில் வாயாடி, அவள் கத்திய கத்தலுக்குப் பக்கத்துக் கொட்டகை ஆள் எட்டிப் பார்த்தான். பிறகு ஊமைச்சி. பிறகு வக்கீல். வெள்ளிக்கிழமை சீமாட்டி. அடுத்து கொடுக்கு. அடுத்து

மாமா, அப்பா இங்கே நிறுத்திவிட்டார். "அடுத்து?" என்று கேட்டேன். போன கடிதத்தில் சொன்ன வரிசையை வாசி என்றார். அதைத்தான் தபாலில் போட்டாயிற்றே என்றேன். "வேணாம். எனக்கே தெரியும்" என்றார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். பிறகு மறுபடி நிமிர்த்தி, மறுபடி மடக்கினார். இரண்டு முறையும் விரல் ஒரே மாதிரிதான் மடங்கியது. எழுந்து போய்க் கத்தியை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிப்போயிற்று. இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதச் சொன்னார். ஒரே சொல்.

துடைத்தேன்.

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள அத்தானுக்கு,

டாக்டரம்மா அந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தார். கத்திதான் என்றார். புண் உள்ள காலில் பட்ட கத்தி, துடைத்தாலும் கிருமி அதிலேயே இருக்கும். துடைத்த துணியில் இன்னும் அதிகமாக இருக்கும். அடுத்த காலில் சிறு கீறல் விழுந்தால் போதும் என்றார். முதல் இரண்டு மாட்டிலேயே தன்னைக் கூப்பிட்டிருந்தால் மருந்து தெளித்து, கொட்டகை வாசலில் மாடுகள் குளம்பை நனைத்து வர மயில்துத்தத் தொட்டி வைத்து, அதோடு நிறுத்தியிருக்கலாம் என்றும் சொன்னார். மேஸ்திரி நொண்டியதிலிருந்து ராங்கி நொண்டியது வரை பன்னிரண்டு நாளும் தாங்கள் புண்ணில் சூடான எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். என்னிடம் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.

ஆனால் ஒன்று. கத்தியோ மாடோ, இரண்டையும் கொட்டகைக்குள் கொண்டுவந்தது தாங்கள்தான். ஆகவே விஷயம் அத்தோடு முடிந்தது. முதலில் கத்திக்குக் கிருமி எங்கிருந்து வந்தது என்று டாக்டரம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். புது மாட்டிலிருந்து என்று சொல்லிவிட்டேன். நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. இனி அதைக் கிளற வேண்டாம்.

லாரி 25 அன்று வருகிறது.

தங்கள் மைத்துனன்

*

ஆகஸ்ட் 22
(பால் லாரிக்காரர் கையில்)

மச்சானுக்கு,

தபாலில் போட்டால் லாரி முந்திவிடும் என்று ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் நடுவில் நடக்க ஆரம்பித்துவிடுவாய்.

இத்தனை நாள் யோசித்தேன். இப்போது பேசுகிறேன். மெதுவாக இல்லை. என் மகள் "அப்பா, மெதுவா, பக்கத்து வீட்ல கேக்கப் போகுது" என்கிறாள். கேட்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் இப்போதுதான் ஜன்னலைத் திறந்து வைத்தார், பாவம், ஆசையாகக் கேட்கிறார்.

என் கத்திதான். இடுப்பில் கட்டிய சாக்கில்தான் துடைத்தேன். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு, பளபளவென்று இருக்கும். கண்ணுக்கு அழுக்குத் தெரியவில்லை என்றால் அழுக்கு இல்லை என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷமும் அப்படித்தான் நினைத்தேன். "எங்க ஆஸ்பத்திரில துடைச்சேன்னு சொன்னா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கப்பா" என்கிறாள் மகள். அனுப்பட்டும். நியாயம்தான். எண்ணெய் ஊற்றியதும் நான்தான். உன்னிடம் சொல்லாததும் நான்தான். என் கைக்கு அடங்காத புண்ணா என்ற திமிர். ராங்கிக்கு மட்டும்தான் திமிர் என்று நினைத்தாயா?

எட்டு மாட்டின் காலையும் கெடுத்தவன் நான். ஒன்பதாவதாக ராங்கியையும். ஜூன் மாதம் இரண்டாம் தேதி அவள் வந்தாள். மறுநாள் அவள் காலைத் தூக்கினேன். நாலு குளம்பும் கல் மாதிரி, குதிகால் காய்ந்து சுத்தமாக இருந்தது. அதே கத்தியால் சீவினேன். அவள் நோயைக் கொண்டுவரவில்லை மச்சான். நம் கொட்டகையில் வாங்கிக்கொண்டாள். என் குற்றம்தான் அவளுக்குச் சாட்சி. எழுதிக்கொள். பெரிய எழுத்தில் எழுது.

இப்போது உன் முறை. டாக்டரம்மா கேட்கிற கேள்விக்குப் பதில் உனக்குத் தெரியும். அதனால்தான் கிளற வேண்டாம் என்கிறாய்.

புதன்கிழமை மேஸ்திரி. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை நான் எங்கே இருந்தேன்? உன் சம்பந்தி வீட்டுக் கொட்டகையில். நீதான் அனுப்பினாய். "அத்தான், எம் பொண்ணோட மாமனார் கேக்குறாரு, அவங்க மாட்டுக்கும் கொஞ்சம் சீவி விட்டுட்டு வாங்க, மரியாதையா இருக்கும்" என்றாய். போனேன். பதினோரு மாட்டுக்குச் சீவினேன். அதில் மூன்றுக்குக் குதிகாலில் மாதுளை நிறத்தில் புண். அன்றைக்கு எனக்கு அது சேற்றுப்புண்.

சாயங்காலம் வந்து உன்னிடம் சொன்னேன். நீ சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தாய், மேல் பித்தான் ஓட்டையில் நுழையவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "சம்பந்தி வீட்டு மாட்டைப் பத்தி வெளிய பேசாதீங்க. அவங்க கௌரவம் பாக்குறவங்க." நான் பேசவில்லை. மறுநாள் காலை அதே கத்தியோடு மேஸ்திரியிடம் போனேன்.

நான் துடைத்தது கத்தியை. நீ துடைத்தது அந்தச் செவ்வாய்க்கிழமையை. என் துடைப்பில் கிருமி தங்கியது. உன் துடைப்பில் ஒரு மாடு லாரி ஏறப் போகிறது.

ஏற்றிவிடு, பார்க்கலாம். ஏற்றினால் நான் நேரே உன் சம்பந்தி வாசலில் போய் நிற்பேன். எனக்கு எழுதத்தான் தெரியாது. பேசத் தெரியும்.

உன் அக்காவைக் கட்டியவன்

(மாமா, இந்த முறை ஒரு சொல்லும் விடவில்லை. இன்னொன்று, அப்பா கத்தியைக் கொதிக்க வைத்தார். என் பால் பாத்திரத்தில். நான் வேறு பாத்திரம் வாங்கப் போகிறேன். மருமகள்.)

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள அத்தான்,

லாரி வந்தது. ராங்கிக்கு ஆட்கள் கயிறு போட்டுவிட்டார்கள். காலில் கட்டோடு நின்றுகொண்டு என்னையே பார்த்தது. வழக்கம் போல் திமிராகத்தான். அவிழ்க்கச் சொன்னேன். "ஏன் சார், என்ன காரணம்னு ஓனர்கிட்ட சொல்றது?" என்றார் லாரிக்காரர். "அது முதல்ல நொண்டல, கடைசியாத்தான் நொண்டுச்சு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஊரில் இனி எனக்குப் பெயர் வேறாக இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த நோட்டு. நாம் சண்டை போட்ட நாளுக்கு முந்தின பகல் மூன்று மணிக்கு உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதினேன். ஒன்பது தேதியும் உத்தேசம். எழுத்து அழகாக இருந்தது, அதனால் எனக்கே அது உண்மை போல் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு தங்களைக் கைநாட்டு என்றேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். இதை ஒரு கடிதத்தில் தனியாகச் சொல்வது சரியில்லைதான்.

இப்போது கொட்டகை வாசலில் மயில்துத்தத் தொட்டி வைத்திருக்கிறோம். கலங்கியதும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கிறோம். தரையை இரண்டு வேளையும் கழுவி உலர விடுகிறோம். மேஸ்திரி இன்று முதல் ஆளாக வெளியே வந்தாள். ஊமைச்சிக்கு வீக்கம் வடிகிறது. தங்கள் சாக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எரித்துவிட்டேன். மன்னிக்கவும்.

புதுப் பக்கம் ஒன்று எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். தங்கள் வரிசை, சீவிய வரிசை, கத்தி, எண்ணெய், எல்லாம் தாங்கள் சொன்னபடி. என் பழைய பக்கத்தின் மேல் கோடு போட்டுவிட்டேன். டாக்டரம்மா இந்தப் பக்கத்தைத் தன் ஃபைலில் வைக்கப் போகிறார். தங்கள் ஒப்புதல் வேண்டும் என்கிறார்.

சம்பந்தி வீட்டு விஷயத்தை மட்டும் எழுதவில்லை. என் மகள் அந்த வீட்டில் இருக்கிறாள் அத்தான். புரிந்துகொள்வீர்கள். மற்றதில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

கப்பல் இன்னும் எனக்குப் பாதிதான் இறக்குகிறது.

தங்கள் மைத்துனன்

*

ஆகஸ்ட் 31

மச்சானுக்கு,

பக்கம் வந்தது. மகள் மூன்று முறை வாசித்தாள். என் குற்றம் ஒன்றும் விடாமல் எழுதியிருக்கிறாய். கையெழுத்து அழகு என்கிறாள் மகள். எனக்கு எல்லாக் கையெழுத்தும் ஒன்றுதான்.

ராங்கியை அவிழ்த்துவிட்டாய். அதற்கு நன்றி சொல்ல மாட்டேன். கட்டியதே தப்பு.

உன் மகள் அந்த வீட்டில் இருக்கிறாள் என்பதற்காக எழுதவில்லை என்கிறாய். அவள் அங்கே இருப்பதால்தான் எழுத வேண்டும். காலையில் அந்த மூன்று மாட்டின் அடியில் உட்கார்ந்து கறப்பது யார்? மாமனாரின் கௌரவமா உட்கார்ந்து கறக்கிறது? வலி தாங்காமல் அவை உதைத்தால் அவள் மேல்தான் விழும். இந்நேரம் மூன்று, ஆறாக ஆகியிருக்கும். நான் இல்லை என்று வேறு ஒருவனைச் சீவக் கூப்பிடுவார்கள். அவனும் இடுப்பில் ஒரு சாக்குக் கட்டியிருப்பான். அங்கே துடைத்துவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போவான். எல்லோரும் கௌரவம் பார்க்கட்டும், ஊரில் ஒரு மாடு மிஞ்சாது.

ஆகவே நீ விட்ட வரியை நான் சொல்லச் சொல்ல, மகள் உன் பக்கத்திலேயே, கத்தி என்ற வரிக்கு மேலே இருந்த இடத்தில் எழுதிவிட்டாள். இடுக்கில் எழுதியதால் எழுத்து சிறிது. வாசிக்க முடியும்.

"மே மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை, சம்பந்தி கொட்டகையில் மூன்று மாட்டுக்குக் குதிகாலில் சிவந்த புண் இருந்தது. பார்த்தவன் சொன்னான். கேட்டவன், பேசாதே என்றான்."

அதன் கீழே என் கட்டைவிரல். வீட்டில் மைப்பெட்டி இல்லை. குளம்புப் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்து புட்டி ஒன்று என் பையில் இருந்தது, அதில் தோய்த்து வைத்தேன். சீக்கிரத்தில் போகாது. விரலிலும் போகவில்லை, இன்றைக்கு எல்லோரும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்று நீட்டிக்கொண்டே நடக்கிறேன்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். உன்னைச் சமாதானப்படுத்த இல்லை. கப்பலின் மடியில் பால் தங்கினால் மடி நோய் வரும், அதற்காக. இரண்டு வாளி வை. ஒன்றில் வெந்நீர், ஒன்றில் டாக்டரம்மா சொல்கிற மருந்துத் தண்ணீர். இரண்டு கத்தி வேண்டும், ஒன்று ஊறும்போது ஒன்று வேலை செய்ய. ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்றுக்கு நீ ஏற்பாடு செய். கழுவியதா என்று ஒவ்வொரு மாட்டுக்கும் டாக்டரம்மா என்னைக் கேட்கட்டும். கேட்டால் கோபப்பட மாட்டேன். நீ கேட்டால் படுவேன்.

வருவதற்குள் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய் உன் சம்பந்தியிடம் வாசித்துக் காட்டு. அவர் முன்னாலேயே கையெழுத்துப் போடு. என் விரலுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன்.

கைநாட்டு மேலே இருக்கிறது. கையெழுத்து கீழே வரட்டும். உனக்குத்தான் எழுதத் தெரியுமே, எழுது.

உன் அக்காவைக் கட்டியவன்